சவுதார் குளம் யாருக்குச் சொந்தம்? அம்பேத்கரை 10 வருஷம் கோர்ட்டுக்கு அலையவிட்ட வழக்கின் கதை

மஹத் என்றதும் பலருக்கும் ஒரே காட்சிதான் மனசுக்குள் ஓடும். குளத்துப் படியில் இறங்கி, கையில் தண்ணீர் அள்ளிக் குடிக்கும் அம்பேத்கர். சிலைகளில், ஓவியங்களில், ஏப்ரல் 14 வந்தால் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்களில் அதைப் பார்த்திருப்போம்.

அது நடந்தது 1927 மார்ச் 20. ஆனால் அந்தத் தண்ணீரைத் தொட அவருக்குச் சட்டப்படி உரிமை உண்டா என்ற கேள்விக்குக் கடைசி விடை வந்தது 1937 மார்ச் 17-ல். மூணு நாள் குறைவாகப் பத்து வருஷம்!

நடுவில் என்ன நடந்தது? ஒரு சிவில் வழக்கு நடந்தது. அதில் கேள்வி இதுதான்: இந்தக் குளம் பொதுக் குளமா, இல்லையா? கேட்க ரொம்ப சாதாரணமான கேள்வி. சர்வே நம்பரைப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று தோன்றும். அவ்வளவு சுலபமாக முடியவில்லை.

பியூன் வந்தால்தான் தண்ணீர்

1891 ஏப்ரல் 14. மத்திய இந்தியாவில் மஹூ என்ற ராணுவ ஊரில் பிறந்தார் பீமராவ். அப்பா ராம்ஜி ராணுவத்தில் சுபேதார். வீட்டில் 14-வது குழந்தை. மஹர் சாதி.

சாதாராவில் பள்ளிக்கூடம். வகுப்பில் தனியாக உட்கார வேண்டும். உட்காரும் கோணிப்பையைக்கூட வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். குழாயைத் தொடக்கூடாது. தாகம் எடுத்தால் ஆசிரியரிடம் சொல்லி, பியூன் வந்து குழாயைத் திறந்துவிட்டால்தான் தண்ணீர். பியூன் லீவு என்றால் அன்றைக்குத் தாகத்தோடுதான் இருக்க வேண்டும். இதைப் பின்னாளில் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

1901-ல் இன்னொரு சம்பவம். அப்பா வேலை பார்த்த ஊருக்குக் கோடை விடுமுறையில் புறப்பட்டார்கள் பிள்ளைகள். மசூர் ரயில் நிலையத்தில் இறங்கினால் அழைத்துப்போக ஆள் இல்லை. சாதி தெரிந்ததும் மாட்டுவண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள். கடைசியில் இரட்டைக் கூலி பேசி, வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட, வண்டிக்காரர் கூடவே நடந்து வந்தாராம்.

கையில் கட்டுச்சோறு இருந்தது. குடிக்கத் தண்ணீர் இல்லை. சுங்கச்சாவடிக்காரரிடம் முஸ்லிம் என்று சொல்லிக் கேட்டும் கிடைக்கவில்லை. சாப்பாடு இருந்தும் அந்த ராத்திரி பட்டினியாகப் படுத்தார்கள். அப்போது அவருக்கு வயசு பத்துக்குள்தான்.

அதற்குப் பிறகு அவர் ஏறிய படிகள் நமக்குத் தெரிந்தவை. பம்பாயில் பி.ஏ., பரோடா மன்னரின் உதவித்தொகை, நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகம், லண்டனில் பொருளாதாரத்தில் டி.எஸ்சி., பாரிஸ்டர் பட்டம். 1923-ல் பம்பாய் திரும்பி வக்கீல் தொழில் ஆரம்பித்தார். வழக்குகள் சுலபமாக வரவில்லை. ஆனால் கொஞ்ச நாளில் நாட்டின் பெரிய வழக்கு ஒன்றில் அவரே பிரதிவாதியாக நிற்கப்போகிறார்.

1923: பேப்பரில் திறந்த குளங்கள்

அந்த வருஷம் ஆகஸ்ட் 4-ம் தேதி பம்பாய் சட்டசபையில் எஸ்.கே.போலே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். நிறைவேறியது. பொதுப்பணத்தில் கட்டப்பட்ட அல்லது பராமரிக்கப்படும் கிணறு, குளம், சத்திரம், பள்ளிக்கூடம், அரசு அலுவலகம், மருத்துவமனை எல்லாவற்றையும் ஒடுக்கப்பட்ட மக்களும் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம்.

இதில் ‘பொதுப்பணத்தில்’ என்ற சொல்லை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

மஹத் இன்றைய மகாராஷ்டிராவின் ராய்கட் மாவட்டத்தில், சாவித்திரி ஆற்றங்கரையில் இருக்கும் கொங்கண் ஊர். அப்போது மாவட்டத்தின் பெயர் கொலாபா. அந்த ஊர் நகராட்சி 1924 ஜனவரியில் இந்தத் தீர்மானத்தை ஏற்று, சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டதாக அறிவித்தது. மராத்தியில் சவுதார் என்றால் சுவையானது என்று அர்த்தம்.

அறிவிப்பு வந்ததோடு சரி. அடுத்த மூணு வருஷம் தலித் ஒருவரும் அந்தக் குளத்தில் இறங்க முடியவில்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். முஸ்லிம்களுக்கு அந்தக் குளத்தில் தடை இல்லை. கரையைச் சுற்றி அவர்கள் வீடுகளும் சில இருந்தன. ஆடு மாடுகளுக்கும் தடை இல்லை. அதாவது பொதுக் குளம் என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அந்தப் பொதுவில் யார் யாரைச் சேர்ப்பது என்பதில்தான் சிக்கல்.

(தமிழ் படித்தவர்களுக்கு இது புதுசாகத் தெரியாது. ஊர் உண்ணும் நீர் என்பதால் ஊருணி என்று பெயர் வைத்தோம். ஆனால் ஊர், சேரி என்று இரண்டாகப் பிரித்துச் சொல்லும்போது அந்த ‘ஊர்’ யாரை விட்டுவிடுகிறது என்பதும் நமக்குத் தெரியும்.)

மார்ச் 20: ஒரு கை தண்ணீர்

1927 மார்ச் 19, 20 தேதிகளில் மஹத்தில் ஒடுக்கப்பட்டோர் மாநாடு. ஏற்பாடு செய்தவர்களில் உள்ளூர்க்காரரான ஆர்.பி.மோரே முக்கியமானவர். சுரேந்திரநாத் திப்னிஸ், சஹஸ்ரபுத்தே போன்ற சாதி இந்து நண்பர்களும் உடன் இருந்தார்கள். அம்பேத்கர் தலைமை. அப்போது அவர் பம்பாய் சட்டசபையின் நியமன உறுப்பினரும்கூட.

மாநாட்டுக்கு வந்தவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டுமே? பக்கத்தில் அவ்வளவு பெரிய குளம் இருந்தும், சாதி இந்துக்களிடம் 40 ரூபாய் கொடுத்துத் தண்ணீர் வாங்கியிருக்கிறார்கள். 1927-ல் 40 ரூபாய்!

இரண்டாம் நாள், மாநாடு முடியும் நேரத்தில், ஆயிரக்கணக்கானோர் வரிசையாக ஊர்வலம் போனார்கள். அம்பேத்கர் முதலில் இறங்கிக் குடித்தார். பின்னால் வந்தவர்களும் குடித்தார்கள். அமைதியாகத் திரும்பினார்கள்.

அதற்குள் ஊரில் ஒரு வதந்தி. அடுத்து வீரேஷ்வர் கோயிலுக்குள் நுழையப் போகிறார்களாம். அப்படி ஒரு திட்டமே இல்லை. ஆனால் தடிகளோடு கும்பல் வந்தது. பந்தலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களையும், தெருவில் தனியாக மாட்டியவர்களையும் அடித்தது. பலர் முஸ்லிம் வீடுகளில் தஞ்சம் புகுந்தார்கள். மாநாட்டுக்கு வந்தவர்களில் ராணுவத்தில் இருந்தவர்களும் உண்டு; திருப்பி அடிக்கத் துடித்தவர்களை அம்பேத்கர் தடுத்து நிறுத்தினார்.

பிறகு குளத்துக்குப் ‘பரிகாரம்’ செய்தார்கள். 108 குடம் தண்ணீரை இறைத்து வெளியே ஊற்றிவிட்டு, சாணம், கோமியம், பால், தயிர் கலந்து குளத்தில் விட்டு மந்திரம் ஓதினார்கள். அதோடு குளம் சுத்தமாகிவிட்டதாம்.

நகராட்சியும் பின்வாங்கியது. 1924-ல் போட்ட தீர்மானத்தை 1927 ஆகஸ்ட் 4-ல் ரத்து செய்தது. போலே தீர்மானம் வந்த அதே தேதி. தற்செயலாகத்தான் இருக்க வேண்டும், ஆனாலும் உறுத்துகிறது.

டிசம்பரில் வந்த தடை உத்தரவு

அம்பேத்கர் விடவில்லை. டிசம்பர் 25-ல் மறுபடி மஹத்தில் கூடுவது, இந்த முறை சத்தியாகிரகமே செய்வது என்று அறிவித்தார். பந்தல் போட சாதி இந்துக்கள் யாரும் இடம் தரவில்லை. உள்ளூர் முஸ்லிம் ஒருவர் தன் நிலத்தைக் கொடுத்தார்.

இங்கேதான் எதிர்த்தரப்பு புது ரூட் பிடித்தது. டிசம்பர் 12-ல், சாதி இந்துக்கள் சிலர் மஹத் சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டார்கள். பிரதிவாதிகளில் முதல் பெயர் பீமராவ் ராம்ஜி அம்பேத்கர். கோரிக்கை: இந்தக் குளம் எங்களுக்கு மட்டும் உரியது, தீண்டத்தகாதோருக்கு உரிமை இல்லை என்று அறிவிக்க வேண்டும், அவர்கள் குளத்துக்கு வராமல் தடுக்க வேண்டும்.

ஏன் அப்படி ஒரு வாதம்? பொதுப்பணத்தில் பராமரிக்கப்படும் குளம் என்றால் போலே தீர்மானம் பொருந்தும். தனிச் சொத்து என்று நிரூபித்துவிட்டால் பொருந்தாது. தீட்டு என்று சொல்லித் தடுத்தால் அரசாங்கம் கேள்வி கேட்கலாம்; சொத்து என்று சொல்லித் தடுத்தால் யார் கேட்பது? நேற்று வரை ஊர்க் குளமாக இருந்தது, ஒரு மனுவில் சிலருடைய குளமாக மாறியது.

டிசம்பர் 14-ல் இடைக்காலத் தடை வந்துவிட்டது.

இப்போது அம்பேத்கர் முன்னால் இருந்த சிக்கலை யோசித்துப் பாருங்கள். பஸ் முதலாளிகள் வண்டி தர மறுத்ததால், பம்பாயிலிருந்து தொண்டர்களோடு கப்பலில் தாஸ்காவ் வந்து, அங்கிருந்து நடந்தே மஹத் வந்து சேர்ந்திருக்கிறார். ஆயிரக்கணக்கானோர் ஜெயிலுக்குப் போகத் தயார் என்று வந்து நிற்கிறார்கள். கையில் கோர்ட் தடை. மாவட்ட ஆட்சியரும் நேரில் வந்து, தடையை மீற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்.

25-ம் தேதி ராத்திரி மனுஸ்மிருதியை எரித்தார்கள். அந்த மாநாட்டில் நாடு முழுக்கப் பேசப்பட்டது அதுதான். ஆனால் குளம்? கூட்டத்தில் பெரும்பாலோர் இறங்கியே தீருவோம் என்ற மனநிலையில் இருந்தார்கள். கடைசியில் சத்தியாகிரகத்தை ஒத்திவைக்கும்படி கேட்டது அம்பேத்கர்தான். குளத்தைச் சுற்றி ஊர்வலமாக நடந்தார்கள். தண்ணீரைத் தொடவில்லை.

இது சரியா என்று இன்றைக்கும் விவாதம் உண்டு. அவ்வளவு பேரைத் திரட்டிவிட்டுப் பின்வாங்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. என் பார்வையில் அது பின்வாங்கல் இல்லை. நகராட்சித் தீர்மானம் மூணு வருஷத்தில் காற்றில் போனதை அவர் பார்த்துவிட்டார். குளத்தில் ஒரு நாள் இறங்கினால் அடுத்த நாள் 108 குடம் வரும் என்பதையும் பார்த்துவிட்டார். குளம் பொதுச் சொத்து என்று கோர்ட்டே சொல்லிவிட்டால், அதை எந்தக் குடத்தாலும் கழுவ முடியாது. மேலும், தடையை மீறினால் எதிரே நிற்பது ஊர் ஆதிக்கக்காரர்கள் மட்டுமல்ல, அரசாங்கமும்தான்.

அதே 1927-ல்தான் கொலம்பியா பல்கலைக்கழகம் அவருக்கு முறைப்படி பி.எச்டி. பட்டம் வழங்கியது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அமெரிக்காவில் டாக்டர், மஹத்தில் குளத்தைத் தொடக்கூடாத ஆள்.

மாமூல் என்ற ஆயுதம்

1928 பிப்ரவரி 23-ல் இடைக்காலத் தடை நீங்கியது. ஆனால் முதன்மை வழக்கு நத்தை வேகத்தில் நடந்தது. அம்பேத்கரின் வாழ்க்கையோ எக்ஸ்பிரஸ் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

1930 கடைசியில் லண்டன் வட்டமேஜை மாநாடு. அது முடிந்து, இரண்டாவது மாநாடு தொடங்கும் முன், 1931 ஜூன் 8-ல் மஹத் கோர்ட் தீர்ப்பு: குளம் வாதிகளுடையது என்பது நிரூபிக்கப்படவில்லை. அம்பேத்கர் தரப்பு வென்றது. எதிர்த்தரப்பு தாணே கோர்ட்டுக்கு மேல்முறையீடு போனது. 1932-ல் பூனா ஒப்பந்தம், மூன்றாவது வட்டமேஜை மாநாடு. 1933 ஜனவரி 30-ல் தாணேயிலும் அம்பேத்கருக்கே வெற்றி. அவர்கள் பம்பாய் ஐகோர்ட்டுக்குப் போனார்கள்.

ஐகோர்ட்டில் குளம் தங்கள் சொத்து என்ற வாதம் நிற்கவில்லை. அது நகராட்சி வசம் உள்ள குளம் என்பது தெளிவாகிவிட்டது. மிச்சம் இருந்த ஒரே ஆயுதம் வழக்கம். அதாவது மாமூல். குளம் யாருடையதாக இருந்தாலும் சரி, தொன்றுதொட்டுச் சாதி இந்துக்கள் மட்டும்தான் பயன்படுத்தி வந்திருக்கிறோம். அந்த வழக்கத்துக்குச் சட்டத்தின் பலம் உண்டு என்பது வாதம்.

இதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். பிரிட்டிஷ் காலத்து நீதிமன்றங்களில் வழக்கத்துக்குப் பெரிய மதிப்பு இருந்தது. நம் கமுதியையே எடுத்துக்கொள்ளலாம். அங்குள்ள மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழையலாமா என்ற வழக்கில், வழக்கத்தை ஏற்று 1908-ல் லண்டன் பிரிவி கவுன்சில் நாடார்களுக்கு எதிராகவே தீர்ப்பு சொன்னது. ஆக, மஹத்திலும் அதே கதை நடக்க வாய்ப்பு இருந்தது.

நீதிபதிகள் இருவர்: புரூம்ஃபீல்ட், வாடியா. புரூம்ஃபீல்ட் என்ற பெயரைக் கேட்ட மாதிரி இருக்கிறதா? 1922-ல் அகமதாபாத்தில் காந்திக்கு ஆறு வருஷம் சிறைத் தண்டனை கொடுத்த அதே நீதிபதி.

அவர்கள் குளத்தையே உற்றுப் பார்த்தார்கள். நாலு, அஞ்சு ஏக்கர் பரப்பு. சின்ன ஏரி என்றும் சொல்லலாம், பெரிய குட்டை என்றும் சொல்லலாம். பெரும்பகுதி இயற்கையாக உண்டானது. கொஞ்சம் மனிதர்கள் சீரமைத்தது. குறைந்தது 250 வருஷப் பழசு. யார் வெட்டியது என்பதற்குச் சான்று இல்லை. சுற்றிலும் நகராட்சி ரோடு, ரோட்டுக்கு அப்பால் வீடுகள். கரையில் உள்ள சிறு நிலத் துண்டுகளும் படித்துறைகளும் பெரும்பாலும் அந்த வீட்டுக்காரர்களுடையவை.

தங்கள் நினைவு தெரிந்தவரை தலித்துகள் இந்தக் குளத்தைப் பயன்படுத்தவில்லை என்று சாட்சிகள் சொன்னார்கள். அதைக் கோர்ட் மறுக்கவில்லை. ஆனால் சட்டம் கேட்பது நினைவு தெரிந்த காலத்தை அல்ல, நினைவுக்கு எட்டாத காலத்தை. வீடுகள் முளைப்பதற்கு முன், அது ஊர் ஓரத்தில் கிடந்த நீர்நிலை. அப்போது ஒருத்தர் வந்து தண்ணீர் எடுத்தால் யார் தடுத்திருப்பார்கள்? சுற்றிலும் சாதி இந்துக்கள் குடியேறும் வரை, தடுக்கும் எண்ணமே யாருக்கும் வந்திருக்குமா என்பது சந்தேகம் என்றது கோர்ட். தொன்றுதொட்ட வழக்கம் நிரூபிக்கப்படவில்லை. மேல்முறையீடு தள்ளுபடி.

1937 மார்ச் 17. அம்பேத்கர் ஜெயித்துவிட்டார்.

கோர்ட் சொல்லாமல் விட்டது

ஜெயித்தார், சரி. எதில்? தீர்ப்பை நிதானமாகப் பார்த்தால் ஒன்று புரியும். ஒரு மனிதரைக் குளத்திலிருந்து விலக்கும் வழக்கமே நியாயமானதா, பொதுநலனுக்கு விரோதமில்லையா என்ற கேள்விக்குள் கோர்ட் போகவில்லை. வழக்கம் நிரூபணமாகியிருந்தால் அதையும் பார்க்க வேண்டி வந்திருக்கும், இப்போது தேவையில்லை என்று நிறுத்திக்கொண்டது.

அதாவது அந்த வழக்கம் போதுமான அளவு பழசு இல்லை என்பதால்தான் தோற்றது. வீடுகள் இன்னும் சில நூறு வருஷம் முந்தியே கட்டப்பட்டு, அதற்கு ஆதாரமும் இருந்திருந்தால்? யோசிக்கவே சங்கடமாக இருக்கிறது.

இந்தத் தீர்ப்பு வந்த நேரத்தில் அம்பேத்கர் வேறு இடத்துக்குப் போய்விட்டார். 1935 மே மாதம் மனைவி ரமாபாய் இறந்துபோனார். அதே வருஷம் அக்டோபரில், யேவலாவில், இந்துவாகச் சாகப்போவதில்லை என்று அறிவித்துவிட்டார். 1936-ல் சுதந்திரத் தொழிலாளர் கட்சி தொடங்கி, 1937 தொடக்கத்தில் பம்பாய் சட்டசபைத் தேர்தலிலும் வென்றிருந்தார். குளத்துக்குள் இறங்க உரிமை கேட்டுப் போராடியவர், வழக்கு முடியும்போது அந்த மதத்தை விட்டே வெளியேறும் முடிவில் இருந்தார்.

ஆனால் குளத்தை அவர் மறக்கவில்லை என்றே நினைக்கத் தோன்றுகிறது. வைஸ்ராய் நிர்வாக சபையில் 1942 முதல் 1946 வரை தொழிலாளர் துறையைக் கவனித்தபோது, தாமோதர் பள்ளத்தாக்கு போன்ற நதித் திட்டங்கள் அவர் மேஜைக்கு வந்தன. அதைவிட முக்கியமானது அடுத்தது.

அரசியலமைப்பில் ஒரு குளம்

அரசியலமைப்பு வரைவுக் குழுவின் தலைவர் அம்பேத்கர். பிரிவு 15-ன் இரண்டாவது உட்பிரிவைப் பாருங்கள். மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் காரணமாக யாரையும் சில இடங்களில் தடுக்கக்கூடாது என்கிறது. எந்த இடங்கள்? கடைகள், உணவகங்களோடு கிணறு, குளம், குளிக்கும் படித்துறை, சாலை ஆகியவையும் வரிசையாக வருகின்றன. உலக நாடுகளின் அரசியலமைப்புகளில் அடிப்படை உரிமைப் பகுதியில் குளமும் படித்துறையும் இடம்பிடிப்பது அதிகம் பார்க்கக் கிடைக்காத விஷயம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அரசு நிதியில் முழுமையாகவோ பகுதியாகவோ பராமரிக்கப்படுபவை என்பது ஒரு நிபந்தனை. 1923 போலே தீர்மானத்தின் ‘பொதுப்பணம்’ இங்கே திரும்பி வருகிறது. ஆனால் அதோடு நிற்கவில்லை. அல்லது பொதுமக்கள் பயன்பாட்டுக்கு விடப்பட்டவை என்றும் சேர்த்திருக்கிறார்கள். அரசு ஒரு பைசா செலவழிக்காத குளமாக இருந்தாலும், ஊர் பயன்படுத்த விட்டது என்றால் எல்லோருக்கும் பொதுதான். இது என் தனிச் சொத்து என்று மஹத்தில் எடுத்துவிட்ட வாதம் நுழையும் சந்து இதனால் ரொம்பக் குறுகிவிட்டது.

தீண்டாமையை ஒழித்த பிரிவு 17 பற்றி எல்லோருக்கும் தெரியும். அதைச் செயல்படுத்த 1955-ல் வந்த தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், ஆறு, ஓடை, ஊற்று, கிணறு, குளம், தொட்டி, தண்ணீர்க் குழாய் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, தடுப்பது குற்றம் என்றது. இனி எந்த வழக்கம் எத்தனை வருஷப் பழசு என்று நிரூபித்தாலும் பிரயோஜனம் இல்லை. 1937-ல் ஐகோர்ட் தொடாமல் விட்ட கேள்விக்குப் பதில் இப்படித்தான் வந்தது.

1956 அக்டோபர் 14-ல் நாக்பூரில் லட்சக்கணக்கானோருடன் பௌத்தம் தழுவினார் அம்பேத்கர். அந்த வருஷம் டிசம்பர் 6-ல் டெல்லியில் காலமானார். வயது 65.

மஹத்தில் குளம் இன்றும் இருக்கிறது. அங்கே அவருடைய சிலையும் உண்டு. ஒவ்வொரு மார்ச் 20-ம் தேதியும் மகாராஷ்டிராவின் பல மூலைகளிலிருந்து மக்கள் அங்கே வருகிறார்கள்.